காலியாக ஏறி லோடோடு இறங்கும் வண்டி: பழைய டீசல் பிக்கப்புக்கு எதை முதலில் செய்வது?

போன ஆடி மாசம் அண்ணன் போன் செய்தார். "உங்க அண்ணி நகையை வெச்சு எண்பதாயிரம் எடுத்திருக்கேன்டா. வண்டிக்கு என்ன பண்ணலாம்னு நீ கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லு."

வண்டி 2011 மாடல் பிக்கப். 2.5 லிட்டர் டர்போ டீசல், நாலு சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வயசு பிக்கப் எதுவாக இருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். பட்டிவீரன்பட்டியிலிருந்து தாண்டிக்குடி மலைக்கு ஏறி, மலைவாழையும் சவ்சவ்வும் ஏற்றிக்கொண்டு இறங்குவதுதான் தொழில்.

அண்ணன் கையில் ஏற்கெனவே இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தது: "புகை வருது, இன்ஜினை இறக்கி ஃபுல் வேலை பார்த்துடலாம், எழுபதாயிரம் ஆகும்." இன்னொன்று மச்சான் கொடுத்தது: பம்ப்பில் டீசல் ஸ்க்ரூவை ஏற்றி பிக்கப் கூட்டுவது, பின்னால் இன்னும் ஒரு கமான் பட்டை போடுவது, அகலமான டயர், முன்னால் எல்.இ.டி. பார். இரண்டில் எதை எடுத்தாலும் நகைப் பணம் காலி.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதற்காக ஒரு வாரம் படித்தேன், கேட்டேன், கணக்குப் போட்டேன், பிறகு ஊருக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதல் கேள்வி: வண்டி என்ன வேலை செய்கிறது?

வண்டியில் என்ன கெட்டுப்போயிருக்கு என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பதிமூன்று வருஷ வண்டியில் எல்லாமே கொஞ்சம் கெட்டுத்தான் இருக்கும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன்: இந்த வண்டி தினமும் செய்யும் வேலையில் மிகக் கஷ்டமான பத்து நிமிஷம் எது?

எங்கள் வண்டி காலையில் காலியாக ஏறுகிறது. மிஞ்சிப் போனால் நாலு மூட்டை உரம் இருக்கும். முழு லோடு ஏறுவது மேலே. அதாவது இந்த வண்டி மேட்டில் சுமை இழுப்பதே இல்லை. பள்ளத்தில்தான் சுமையைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்படியென்றால் பிக்கப் கூட்டுவதற்குச் செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாயும் காலி வண்டி வேகமாக ஏறுவதற்கான செலவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டேன். லோடோடு மொத்த எடை 2700 கிலோ. இறங்கும் உயரம் சுமார் 1000 மீட்டர். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 26 மெகா ஜூல். அந்தச் சூட்டை வைத்து 80 லிட்டர் தண்ணீரை, அதாவது ஐந்தாறு குடத்தை, சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைத்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் இறங்குகிறோம் என்றால், வழி முழுக்க ஏழு அயர்ன் பாக்ஸ் விடாமல் சூடாகிக்கொண்டிருப்பதற்குச் சமம். இதில் ஒரு பகுதியை டயரும் காற்றும் தின்றுவிடும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டாக வேண்டும். மூன்றாவது ஆள் கிடையாது.

இந்தக் கணக்கை அண்ணனிடம் சொன்னபோது அவர் சொன்னது: "அதுக்குத்தான்டா பழைய டிரைவருங்க, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குன்னு சொல்வாங்க." என் ஒரு பக்கக் கணக்கை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பிரேக்: ஆரம்பிக்க வேண்டிய இடம்

பிரேக் என்றதும் லைனிங் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பழைய டீசல் பிக்கப்பில் லைனிங் தவிர மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போகக் கூடியவை.

முதலாவது, பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலைக்குத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. தொடர்ந்து இறங்கும்போது அந்தச் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதிக்கும் பெடல் தரைக்குப் போய்விடும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது; அவ்வளவுதான் விஷயம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. எங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. திறந்து பார்த்தால் வரக்காப்பி நிறம்.

இரண்டாவது, வாக்கம் பம்ப். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியிலேயே வெற்றிடம் கிடைக்கும். பிரேக் பூஸ்டர் அதை வைத்து வேலை செய்யும். டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் தட்டு அப்படி இல்லாததால் அந்த வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்றே தனியாக ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். பல இந்தியப் பிக்கப்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் வேலை என்பது பேட்டரி சார்ஜ் சமாசாரம் மட்டும் இல்லை, பிரேக் சமாசாரமும்தான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்களுக்கும் இதே பதில்: இரண்டு மூன்று மிதியோடு பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

பூஸ்டரைச் சோதிக்கக் காசு வேண்டாம். இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கெட்டியாகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர், ஹோஸ், வாக்கம் பம்ப் மூன்றில் ஒன்று சரியில்லை.

மூன்றாவது, எனக்கு இந்த ஆராய்ச்சியில் கிடைத்த பெரிய பாடம்: லோடு பார்த்து பிரேக் பிரிக்கும் வால்வு. பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கும். லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டி என்றால் குறைத்து விடும். இல்லாவிட்டால் லேசான பின் சக்கரங்கள் லாக் ஆகி வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

இப்போது மச்சானின் யோசனையைப் பாருங்கள். ஒரு கமான் பட்டை கூடுதலாகப் போட்டால் லோடு ஏற்றினாலும் வண்டி தாழாது. பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். "வண்டி காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதாவது அதிக லோடுக்காகச் செய்த வேலையே, அதிக லோடில் பிரேக்கைக் குறைக்கிறது. முழுச் சுமையும் முன் பிரேக்கில் விழுந்து, அது சூடேறி, பிடிப்பு போகும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அந்தக் கம்பியைத் தேடினேன். கம்பி இருந்தது, ஆனால் வால்வோடு சேரவில்லை. சேர வேண்டிய முனையை யாரோ கட்டுக்கம்பியால் சேஸிஸோடு சுற்றிக் கட்டியிருந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். அப்போது நடந்திருக்க வேண்டும். பின் டிரம்மைக் கழற்றியதும் அடுத்த விஷயம் தெரிந்தது: இடப்பக்க வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஆயிலில் ஊறியிருந்தது. நாலு சக்கரத்தில் ஒன்று பிடிக்கவே இல்லை, இன்னொன்று அரைகுறை. அண்ணன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "பெடல் கொஞ்சம் கீழ போகுதுன்னு தெரியும்டா. பழகிருச்சு" என்றார்.

பழைய வண்டியின் உண்மையான ஆபத்து அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஒரேயடியாகக் கெட்டுப்போனால் ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். தினம் கொஞ்சமாகக் கெட்டால் காலே பழகிக்கொள்ளும்.

சூடு: இரண்டாவது

ஊரில் பரவலாக ஒரு வைத்தியம் உண்டு: "வண்டி சூடாகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு." எங்கள் வண்டியிலும் கழற்றியிருந்தார்கள்.

தெர்மோஸ்டாட்டின் வேலை, இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் உள்ளேயே சுற்ற வைப்பது. 80 டிகிரியை ஒட்டித் திறக்கும். அதை எடுத்துவிட்டால் காலையில் இன்ஜின் வெகுநேரம் குளிராகவே ஓடும். டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். அது மட்டும் இல்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, உள்ளேயே சுற்றும் குறுக்கு வழியையும் அதுதான் அடைக்கிறது. எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடு தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். சூடு குறைய எடுத்தது, கடும் ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. சும்மா மூடுவதற்கு மட்டும் அல்ல அது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் உள்ளே தண்ணீர் 119 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால், மலை உச்சியில் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும்; உயரம் போகப் போகக் கொதிநிலை இறங்கும் அல்லவா. சில நூறு ரூபாய் மூடி ஒன்று ஹெட் கேஸ்கெட்டைக் காப்பாற்றும்.

கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். எங்கள் ரேடியேட்டரைக் கழுவியபோது வந்தது செம்மண் குழம்பு.

புகை: இன்ஜினை இறக்கும் முன்

"புகை வருது" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. எந்த நிறம், எப்போது என்று கேட்க வேண்டும்.

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் விரிசல், நாசில் சரியாகத் தெளிக்காமல் ஒழுகுவது, பம்ப்பில் டீசல் அதிகமாக வைத்திருப்பது: இவைதான் முதல் சந்தேகம்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வ் சீல், டர்போ சீல் என்று போகும்.

வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்து இரண்டு நிமிஷத்தில் நின்றால், எரியாத டீசல். ஹீட்டர் பிளக்கை மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும், போன பிளக் எதையும் காட்டாது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

எங்களுடையது முடுக்கும்போது கறுப்பு, காலையில் கொஞ்சம் வெள்ளை. நீலம் இல்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். லேசான ஆவி வந்தது, ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று அடிக்கவில்லை. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. எண் எவ்வளவு என்பதைப் போலவே, நாலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதும் முக்கியம். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால்தான் இன்ஜினை இறக்குவது பற்றிப் பேச வேண்டும்.

ஆக, எழுபதாயிரம் ரூபாய் இன்ஜின் வேலை தேவைப்படவில்லை. நாசில்களை மேடையில் வைத்துத் தெளிப்பைச் சோதித்ததில் நாலில் இரண்டு ஒழுகின. நாலையும் மாற்றினோம். டர்போ ஹோஸில் கிளாம்ப்புக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அதையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியதில் கறுப்புப் புகை பெருமளவு அடங்கியது. மச்சான் சொன்ன "பிக்கப்"பும் பாதி திரும்பி வந்தது. ஸ்க்ரூவை ஏற்றியிருந்தால் காற்றில்லாத இன்ஜினுக்கு மேலும் டீசல் ஊற்றியிருப்போம். புகையும் பிஸ்டன் தலையின் சூடும்தான் கூடியிருக்கும். எஃப்.சி.க்குப் போகும்போது புகைச் சோதனையிலும் மாட்டியிருப்போம்.

எந்த அப்கிரேடும் வேண்டாமா?

வேண்டும். ஆனால் வண்டியின் வேலைக்கு உதவுவது மட்டும்.

முதலில் ஹெட்லைட் ரிலே. பழைய வண்டியில் விளக்குக்குப் போகும் மின்சாரம் மெல்லிய வயர், தேய்ந்த ஸ்விட்ச் வழியாகச் சுற்றிப் போய் வோல்டேஜை இழக்கிறது. ஹாலஜன் பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர், ஒரு ஃபியூஸ், இரண்டு ரிலே போட்டால் அதே பல்பு புதுசு போல எரியும். எதிரே வருபவர் கண்ணில் குத்தும் எல்.இ.டி. பாரை விட, விடியற்காலைப் பனியில் இதுதான் உதவும்.

அடுத்தது டயர். அகலம் முக்கியம் இல்லை. கம்பெனி சொன்ன அளவும், சுமை தாங்கும் எண்ணும்தான் முக்கியம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் வயசான ரப்பர் வயசான ரப்பர்தான். ரீட்ரெட் டயர் இருந்தால் பின்னால் மட்டும் போடுங்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

கூடுதல் பட்டை, பாடி நீட்டிப்பு போன்றவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

பி.எஸ்.6 டீசல் பழைய பம்ப்பைக் கெடுக்கும் என்றும் அண்ணன் பயந்தார். 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு இறங்கியது உண்மை, பி.எஸ்.3 காலத்தில் 350. கந்தகத்தை நீக்கும்போது உயவுத்தன்மையும் குறையும் என்பதும் உண்மை. அதனால்தான் தேய்மானத்துக்கு ஒரு வரம்பைத் தரநிலையிலேயே வைத்து, அதற்கு ஏற்ற மருந்தைச் சேர்த்தே விற்கிறார்கள். நம் பக்கத்தில் செய்ய வேண்டியது, டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், அதன் அடியில் சேரும் தண்ணீரை வடிப்பதும்.

கடைசிக் கணக்கு

பிரேக் முழு வேலை, வால்வைத் திரும்ப மாட்டியது, பழைய கூடுதல் பட்டையைக் கழற்றியது: 17,000. முன் டயர் இரண்டு, டை ராடு எண்டு, அலைன்மென்ட்: 16,000. ஆல்டர்னேட்டரும் வாக்கம் பம்ப்பும்: 5,500. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ், கூலன்ட்: 7,500. நாசில், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ்: 9,000. ஹெட்லைட் ரிலே: 1,500. மொத்தம் 56,500. மீதி 23,500.

"இவ்வளவு செலவு பண்ணணுமா, வித்துட்டா என்ன?" என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி. பலரும் ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறார்கள். அது தப்பான ஒப்பீடு. ஒரு வருஷ ரிப்பேரை, புது வண்டிக்கு ஒரு வருஷம் கட்ட வேண்டிய தவணையோடு ஒப்பிட வேண்டும். அதில் எங்கள் வண்டி இன்னும் வெகு தூரம் முன்னால் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் இந்தக் கணக்கைப் புரட்டிவிடும்: சேஸிஸ் துரு. சுத்தியலால் தட்டினால் கணகணவென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால், செதில் உதிர்ந்தால், அதற்கு மேல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். எங்களுடையது இன்னும் கணீரென்றுதான் கேட்கிறது. அடுத்த வருஷமும் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வேலை முடிந்து முதல் லோடுக்கு நானும் கூடப் போனேன். இறக்கத்தில் அண்ணன் மூன்றாவது கியரிலிருந்து மாற்றவே இல்லை. வளைவில் பெடலைத் தொட்டதும் வண்டி நின்ற விதத்தில் இரண்டு பேருமே முன்னால் சாய்ந்தோம். "பழகணும்டா" என்றார்.

காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை இன்னும் வருகிறது. ஒரு ஹீட்டர் பிளக் பாக்கி இருக்கிறது, அது கார்த்திகைக்குள் பார்த்துக்கொள்ளலாம். மீதிப் பணத்தைக் கட்டி அண்ணி ஒரு வளையலை மீட்டுவிட்டார்.

பூஸ்டர் சோதனையை மட்டும் நாளைக் காலையில் உங்கள் வண்டியில் ஒரு தடவை செய்து பாருங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.